கோழிக்குக் கணக்கு உண்டு, காருக்கு இல்லை

ஃபெஞ்சல் புயலில் செத்த கோழிக்குக்கூட அரசாங்கத்தில் கணக்கு உண்டு. கோழிக்கு 100 ரூபாய், ஆட்டுக்கு 4,000, பசுவுக்கு 37,500, சேதமான குடிசைக்கு 10,000 என்று அறிவித்தார்கள். அதே தண்ணீரில் ஸ்டியரிங் வரை முங்கிக் கிடந்த கார்களை யார் எழுதினார்கள்? எந்த ஏட்டில் எழுதினார்கள்? அப்படி ஒரு ஏடு இருந்திருந்தால் என் மூன்றே முக்கால் லட்சம் இன்றைக்கு என்னிடம் இருந்திருக்கும்.

கண்டமங்கலத்துக்காரன் நான். கிழக்கே அரியூருக்குப் போனாலும் புதுச்சேரி, மேற்கே திருபுவனைக்குப் போனாலும் புதுச்சேரி. நடுவில் நாங்கள் தமிழ்நாடு. (நிவாரணம் அவர்களுக்கு கார்டுக்கு 5,000, எங்களுக்கு 2,000. அந்த வயிற்றெரிச்சல் தனி.) இங்கே பழைய வண்டி எடுப்பவன் பி.ஒய். நம்பரா டி.என். நம்பரா, என்.ஓ.சி. வருமா, கடன் பாக்கி இருக்கிறதா என்று ஒன்றுக்கு நாலு தடவை பார்த்துத்தான் எடுப்பான். நானும் பார்த்தேன். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டேன்: இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறது, கடன் இல்லை, வரி பாக்கி இல்லை. மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இன்ஜின் சத்தம் கேட்கச் சொன்னேன். "நல்லாதாண்ணா இருக்கு" என்றான். பழைய கார் கன்சல்டிங் வைத்திருந்தவர், "சிங்கிள் ஓனர்ணா, டாக்டர் ஓட்டின வண்டி, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். திறந்த கண்ணுக்கும் தெரியாதபடி மூடி வைத்திருந்தார்கள்.

முதலில் ஹாரன் தானாக அடித்தது. பிறகு ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. ஒரு ராத்திரி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, வளவனூர் தாண்டி நடுரோட்டில் மொத்தமாக அணைந்தது. விளக்கு கிடையாது, கண்ணாடி இறங்கவில்லை, பின்னால் லாரி. பின்சீட்டில் அம்மா முருகா முருகா என்கிறாள்.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் முன்சீட்டைக் கழற்றி, மேட்டைத் தூக்கி, அதற்கடியில் இருந்த பஞ்சை விரலால் அமுக்கினார். ஈரம். கியருக்குக் கீழே, ஏர்பேக் கம்ப்யூட்டர் உட்காரும் இடத்தில், கட்டிகட்டியாக வண்டல். வயரிங் கப்ளர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பித்தளை பச்சையாகப் பூத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். நாம் யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. அந்தக் கடைசி ஒரு முழத்தில் கோடு போட்டது போலச் சேற்றுக்கறை. "அண்ணா, இது தண்ணியில நின்ன வண்டிண்ணா. மேல பாலிஷ் போட்டவன் இதை மட்டும் இழுத்துப் பாக்கல."

ஆர்.சி.யில் இருந்த முதல் ஓனரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் வார்த்தை: "அந்த வண்டியா? அதை இன்சூரன்ஸ்லயே விட்டுட்டேனே, இன்னும் ரோட்ல ஓடுதா?"

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை அரசூரில் சென்னை - திருச்சி சாலை மேலேயே ஓடியது. வாசலில் நிறுத்தியிருந்த கார்கள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓனருக்குப் பணத்தைக் கொடுத்துத் தலைமுழுகிவிடுகிறார்கள். மிஞ்சிய வண்டி ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்தவன் கழுவுகிறான், காயவைக்கிறான், வாசனை ஸ்பிரே அடிக்கிறான். தன் பேருக்கு மாற்றாமலே கைமாற்றுகிறான். ஆக, 'சிங்கிள் ஓனர்' என்று கன்சல்டிங்காரர் சொன்னது சுத்தமான உண்மை! இதைவிடக் கேவலமான உண்மையை நான் கேட்டதில்லை.

கம்பெனிக்குத் தெரியும், சர்வேயருக்குத் தெரியும், ஏலத்தில் எடுத்தவனுக்குத் தெரியும். மோட்டார் கிளெய்ம் விவரங்களைத் திரட்டி வைக்க ஐதராபாத்தில் இன்சூரன்ஸ் இன்பர்மேஷன் பீரோ என்று ஒன்றே இருக்கிறது. காசு கொடுக்கிறவனுக்கு மட்டும் தெரியக்கூடாதா? இனி ஓட்டவே முடியாமல் போன வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. கழுவித் துடைத்தால் ஓடும் என்கிற வண்டி அந்தப் பிரிவில் மாட்டாது. 2022 டிசம்பரில் பழைய வண்டி டீலர்களுக்கென்றே மத்திய அரசு விதி போட்டது. வண்டியை எதற்கு எடுத்தான், யார் ஓட்டினான், எத்தனை கிலோமீட்டர் என்று டீலர் பதிவேடு வைக்கணுமாம். டிரயல் பார்த்த மூன்று கிலோமீட்டரை எழுதச் சொல்கிறார்கள். மூழ்கிக் கிடந்ததை எழுத ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படி மூழ்கிய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுகிறார்கள். நமக்கு அந்த ஒரு குறிப்புக்கு வக்கில்லையா?

கன்சல்டிங்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். டெலிவரி நோட்டை நீட்டினார். 'இருக்கிற நிலையில் பார்த்து, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே என் கையெழுத்து. தெரிந்தே மறைப்பதற்கு ஒப்பந்தச் சட்டத்தில் மோசடி என்றுதான் பெயர். அச்சடித்த ஒரு வரி அதைக் கழுவிவிடுமா? விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்றேன். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம்கூட இல்லை. அவர் அசரவில்லை. தோளில் கை போட்டு, "எதுக்குண்ணா கோர்ட்டு கேஸுன்னு அலையறீங்க? வயரிங்க கொஞ்சம் சரிபண்ணி நீங்களும் யார் தலையிலயாவது கட்டிடுங்க. வேணும்னா நானே ஆள் பாத்துத் தரேன்" என்றார்.

யார் தலையில்? என்னைப் போலவே செயலியில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு வரும் இன்னொருவன் தலையிலா? அவன் அம்மா பின்சீட்டில் உட்கார மாட்டாளா?

மனுவைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டேன். சீட் பெல்ட் கறை, பச்சை பூத்த கப்ளர், வண்டல், எல்லாவற்றின் படமும் சேர்த்தாயிற்று. இதற்கிடையில் வண்டியைக் கேட்டு வருகிறவர்களிடம் வெள்ளத்தில் மூழ்கியது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பு எடைக்குத்தான் கேட்கிறார்கள். சொல்லாமல் விற்றவருக்கு மூன்றே முக்கால் லட்சம் கிடைத்தது. சொல்லி விற்கிற எனக்கு எடைக்கு என்ன உண்டோ அது. நடுவில் இருக்கிற பணத்தை யார் தருவது?