பர்மனன்டும் அப்ரண்டிஸும்

"பெருசு எதையும் சொல்லித் தராதுணா" என்பான் பையன். "இவனுங்களுக்கு செல்போன விட்டா வேற என்னா தெரியும்" என்பார் பெருசு. ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் ஓடும் கம்பெனி பஸ்களில் இரண்டு புகாரையும் ஒரே நாளில் கேட்கலாம். இதற்குத் தலைமுறை இடைவெளி என்று பெயர் சூட்டி, நிர்வாகம் ஓட்டல் ஹாலில் ஒரு வகுப்பும் நடத்திவிடும். பிஸ்கட் நன்றாக இருக்கும்.

வயசு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, பெருசு பர்மனன்ட், பையன் அப்ரண்டிஸ் அல்லது கான்ட்ராக்ட் என்பது. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது. நல்ல காரியம். ஆனால் வருஷம் திரும்பினால் கிளம்பப்போகிறவனுக்கு, 20 வருஷம் கையில் ஏறிய வித்தையை யார் மெனக்கெட்டு இறக்கித் தருவார்? தங்கப்போவதில்லை என்று தெரிந்தவன்தான் எதற்கு இந்த மோட்டாரின் குணத்தைப் படிப்பான்?

தேர்வாய்கண்டிகையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் வருவதை எதிர்த்து ஊரே போராடிய இடம் அது. மாடு மேய்த்த வீட்டுப் பையன் ஐ.டி.ஐ. முடித்து ஷிப்டுக்குப் போனால், பகலில் எப்படித் தூங்குவது, சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் சரியா என்பதெல்லாம் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னால் உண்டு.

எனக்குத் தெரிந்த மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். ஒருநாள் தன்னிடமிருந்த அப்ரண்டிஸ் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. இன்னா கேக்குது?"

"கரகரன்னு இருக்குணா."

"எந்தப் பக்கம்?"

பையன் குனிந்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். "ஃபேன் பக்கம்."

"எழுது."

எழுதினான். அதிர்வு மீட்டர் காட்டிய எண்ணையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதினான். அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் காட்டியவன் அவன்தான். வருஷம் முழுக்க அந்தப் பையனை பேக்கிங், லோடிங் என்று அலைக்கழிக்காமல் இவரிடமே விட்டுவைத்தார் செக்‌ஷன் அதிகாரி. சொல்லிக்கொடுத்த நேரத்தையும் வேலை நேரமாகவே எழுதினார். குணத்தால் வந்த ஒற்றுமை என்று சொல்லமாட்டேன், ஏற்பாட்டால் வந்தது.

உங்களுக்கப்புறம் அந்தப் பையனையே பர்மனன்ட் ஆக்குவார்களா என்று ஃபிட்டரிடம் கேட்டேன்.

"என் எடத்தையே கான்ட்ராக்ட்ல வுட்டுடுவாங்க சார்" என்றார்.