பேரனுக்குப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா?

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். பூனாவிலிருந்து மூன்று வயதுப் பேரன் இருபது நாள் லீவுக்கு வந்திருக்கிறான். அவனுக்காக ஆசை ஆசையாய் அறுநூறு ரூபாய்க்குத் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கி வைத்திருந்தார். பையன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் பாட்டியின் செல்போனைத் தேடி ஓடிவிட்டானாம். "அவனுக்குப் புத்தகமே ஒட்டலை சார். தமிழும் ஒட்டலை" என்றார். கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது.

என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். அ, ஆ படப் புத்தகம் இரண்டு, காய்கறி-பழம் ஒன்று, நீதிக்கதைகள் தொகுப்பு ஒன்று, திருக்குறள் கதைகள் ஒன்று. பையன் மீது தப்பில்லை சார், புத்தகம் வாங்கியவர் மீதுதான் என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்வதில் உங்களில் பலருக்கு உடன்பாடு இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். அணில், ஆடு, இலை புத்தகம் கதைப் புத்தகமே அல்ல. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? "இது என்ன? இது என்ன கலர்?" என்று குழந்தையை மடியில் உட்கார வைத்துப் பரீட்சை நடத்துகிறோம். பரீட்சையிலிருந்து யாருமே ஓடத்தான் செய்வார்கள். நீதிக்கதை கெட்டதல்ல. ஆனால் ஏமாற்றுவது, பேராசை, நன்றி மறப்பது இதெல்லாம் புரிய ஐந்தாறு வயதாவது ஆக வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குச் செருப்பு காணாமல் போய்க் கிடைத்தால் அதுவே பெரிய கதை.

இதெல்லாம் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதுதான். என் பையன் சின்னவனாக இருந்தபோது பேங்கிலிருந்து வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். ஒரு புத்தகம்கூட அவனுக்கு நான் வாசித்துக் காட்டியதில்லை. பேத்திக்குத்தான் இரண்டு வருஷமாக வாசிக்கிறேன்.

அதில் தெரிந்துகொண்டவை சில. வாங்கும் முன் கடையிலேயே நின்று இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிக்கு மேல் இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள். மூன்றாம் நாள் அந்த வரியைக் குழந்தையே சொல்லும். தடதட, சலசல, தொபுக்கடீர் என்று சத்தம் வந்தால் இன்னும் நல்லது. இந்த மாதிரி வார்த்தைகளுக்கு நம் பாஷையில் பஞ்சமே இல்லை. இரண்டு வயதுக்குள் என்றால் தடி அட்டைப் புத்தகம்தான் தாங்கும்.

அடுத்தது மொழி. புத்தகத்தில் "பூனை பாலைக் குடித்தது" என்றிருக்கும். வீட்டில் "குடிச்சிடுச்சு" என்றுதான் குழந்தை கேட்டிருக்கும். நான் முதலில் பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடுவேன். எழுத்துத் தமிழ் கெட்டுப்போகும் என்று என் மனைவி சண்டைக்கு வந்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் கதை பழகிய பிறகு அச்சில் உள்ளபடியே படிக்கிறேன். இப்போது பேத்திக்கு நாலு வயது. தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு பக்கத்தைத் தாண்டினால், "தாத்தா, ஆனையை விட்டுட்டீங்க" என்று பிடித்துவிடுகிறாள்.

நல்ல புத்தகம் கிடைப்பதில்லை என்று சொல்லாதீர்கள். சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்கள் போடுகிறது. வெளியூர்ப் பேரப்பிள்ளைகளுக்கு அது ரொம்ப வசதி. பிரதம் புக்ஸ் 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே தருகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் புத்தகங்களும் உண்டு. வெளிநாட்டுப் புத்தகமென்று ஒதுக்கவும் வேண்டாம். எரிக் கார்ல் 1969-ல் போட்ட கம்பளிப்புழுப் புத்தகத்தில், புழு தின்ற இடமெல்லாம் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். அதற்குள் விரலை விடுவதற்காகவே பேத்தி தினமும் எடுத்து வருவாள். கதையை நான் தமிழில் சொல்லிவிடுவேன்.

நண்பரிடம் பேத்தியின் பழைய புத்தகங்கள் மூன்றைக் கொடுத்தனுப்பினேன். நேற்றுப் பார்த்தபோது, செல்போனை விட்டுவிட்டானா என்று கேட்டேன்.

"அது எங்க சார் விடறான்! ஆனா ராத்திரி படுக்கையில வந்து, தாத்தா, தொபுக்கடீர்ங்கறான். அந்தப் புத்தகத்தை எடுக்கணுமாம்."

இன்னும் எட்டு நாள் இருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை.