நம்ம கடிகாரம் நகரவே இல்லை. மீட்டிங் நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

சென்னை ஓஎம்ஆரிலோ கோவை சரவணம்பட்டியிலோ அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் குழப்பம் இது. வெள்ளிக்கிழமை வரை இரவு 7 மணிக்கு இருந்த ‘கால்’, திங்கட்கிழமை 8 மணிக்குப் போய்விடும். “இன்னைக்கு எத்தனை மணிக்கு?” என்ற கேள்விதான் அன்றைக்கு டீம் குரூப்பில் முதல் மெசேஜாக இருக்கும்.

தற்போதைய சட்டப்படி, 2026 நவம்பர் 1-ம் தேதி அதிகாலை 2 மணிக்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரம் மீண்டும் 1 மணிக்குத் திருப்பப்படும். ஐரோப்பா அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, அக்டோபர் 25-ல் திருப்பிவிடும். இந்தியக் கடிகாரம் ஆண்டு முழுவதும் அசையாது.

ஆகவே, இது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு இல்லை. எந்த ஊரில் எப்போது கடிகாரம் மாற வேண்டும் என்பதை அந்தந்த நாட்டு அரசுகள் முடிவு செய்கின்றன. அதன் விளைவு, கடிகாரமே மாறாத ஊரில் இருப்பவரின் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிறது.

அடிப்படைக் கணக்கு என்ன?

உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் யூடிசி எனப்படும் சர்வதேச நேரம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து 1906-ல் நடைமுறைக்கு வந்தது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. அதனால்தான் யூடிசியைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம்.

நம் பக்கம் இந்த எண் மாறுவதே இல்லை. எதிர்ப்பக்கம்தான் மாறுகிறது. கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். லண்டனுக்கு இது நாலரை, ஐந்தரை. லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்றரை.

சிட்னி நம்மைவிட முன்னால் இருக்கும் ஊர். அங்கே பருவமும் தலைகீழ். அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். ஆனால் அதே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ‘ஆஸ்திரேலியா நேரம்’ என்று பொதுவாகச் சொன்னால் ஏன் போதாது என்பதற்கு இதுவே போதும்.

குழப்பும் அந்த நாலு வாரங்கள்

அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கோடை நேரத்துக்கு மாறி, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்புகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். 2026-ல் மார்ச் 8 முதல் 29 வரை மூன்று வாரம், அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை ஒரு வாரம், இரண்டு பக்கமும் பொருந்தாமல் நிற்கும்.

ஒரு உதாரணம். சென்னை, லண்டன், நியூயார்க் மூன்று ஊர்க்காரர்களும் சேரும் தினசரி மீட்டிங், நியூயார்க் நேரம் காலை 9.30-க்கு என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அது லண்டனில் பிற்பகல் 2.30, சென்னையில் இரவு 7. குளிர்காலத்தில் லண்டனில் அதே 2.30, சென்னையில் இரவு 8. ஆனால் அக்டோபர் கடைசி வாரத்தில் லண்டன்காரருக்கு மட்டும் அது 1.30 ஆகிவிடும், சென்னையில் 7 மணியே தொடரும்.

இதே மீட்டிங்கை லண்டன் மேனேஜர் ‘லண்டன் நேரம் 2.30’ என்று காலண்டரில் போட்டிருந்தால்? அந்த வாரம் சென்னைக்கு இரவு 8 மணி, நியூயார்க்குக்கு காலை 10.30. ஆக, தொடர் மீட்டிங்கின் நேரத்தைத் தீர்மானிப்பது, அந்த அழைப்பு எந்த ஊரின் நேர மண்டலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதுதான். பெரும்பாலும் அது அழைப்பை உருவாக்கியவரின் ஊராக இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் அவர் பின்னால் நகர வேண்டியதுதான்.

இல்லாத 2.30, இரண்டு முறை வரும் 1.30

2026 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் அதிகாலை 2.30 என்று ஒரு நேரமே இல்லை. 1.59-க்கு அடுத்த நிமிடம் 3.00. நவம்பர் 1 அன்று இதற்கு நேர்மாறாக, 1.30 இரண்டு முறை வரும். முதல் 1.30 இந்திய நேரப்படி காலை 11 மணி, இரண்டாவது 1.30 பகல் 12 மணி.

விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் அன்றிரவு 11 முதல் காலை 7 வரை ஷிஃப்ட் பார்க்கும் நியூயார்க் நர்ஸ் எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஒன்பது மணி நேரம் வேலை செய்திருப்பார். கடிகார முள்ளை மட்டும் பார்க்கும் சம்பள மென்பொருள் எட்டு என்றே கணக்குப் போடும். 1.30-க்கு ஓட வேண்டிய பில்லிங் ப்ரோகிராம் இரண்டு முறை ஓடினால், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடிக்கப்படும் ஆபத்தும் உண்டு.

இந்த ஏற்பாடு எதற்கு?

முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்துவதற்காக, 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. மாலையில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்தால் விளக்கு எரிப்பது குறையும் என்பது கணக்கு. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன.

பூமத்திய ரேகைக்குத் தள்ளி இருக்கும் ஊர்களில்தான் இதற்கு அர்த்தம். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் நீளும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இருக்காது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு இது தேவைப்படாததற்குக் காரணம் அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது மட்டும், 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது.

பிடிக்கலைன்னா நிறுத்த வேண்டியதுதானே?

நிறுத்த முயற்சி நடக்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். 84 சதவீதம் பேர் ‘நிறுத்துங்கள்’ என்றார்கள். 2021-ல் நிறுத்திவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-ல் வாக்களித்தது. ஆனால் உறுப்பு நாடுகள் ஒரு முடிவுக்கு வராமலேயே 2021 கடந்து போனது.

நிறுத்துவதில் அல்ல, எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். ஸ்பெயினும் போலந்தும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றன. நிரந்தரக் கோடை நேரம் என்றால் ஸ்பெயினின் மேற்குக் கோடியில் டிசம்பர் மாதம் சூரியன் உதிக்கக் காலை 10 மணி ஆகிவிடும். நிரந்தரக் குளிர்கால நேரம் என்றால் வார்சாவில் ஜூன் மாதம் அதிகாலை சுமார் மூன்றே காலுக்கே விடிந்துவிடும்.

அமெரிக்கா ஒருமுறை முயன்றே பார்த்தது. எண்ணெய் நெருக்கடி காலத்தில், 1974 ஜனவரியில் நிரந்தரக் கோடை நேரம் அமலானது. இருட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று பெற்றோர் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது கைவிடப்பட்டது. 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடை நேரத்துக்கான மசோதாவை செனட் ஏகமனதாக நிறைவேற்றியது; பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. தூக்க மருத்துவர்களின் அமெரிக்க அமைப்போ, நிரந்தரக் குளிர்கால நேரமே உடலுக்கு உகந்தது என்கிறது. எல்லோருக்கும் மாற்றம் வேண்டும். ஒரே மாற்றம் வேண்டும் என்பதில்தான் ஒற்றுமை இல்லை.

ஒரே நாட்டில் இரண்டு நேரம்

அரசு அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு லெபனான் சாட்சி. 2023 மார்ச் 25 நள்ளிரவு கோடை நேரம் தொடங்க வேண்டும். இரண்டு நாள் முன்பு, ரமலான் மாதத்தைக் காரணமாகக் கொண்டு, அதை ஏப்ரல் வரை தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. மாரோனைட் கிறிஸ்தவத் திருச்சபையும் சில தொலைக்காட்சிகளும் ஏற்க மறுத்தன. சில நாட்கள் ஒரே நகரத்தில் இரண்டு நேரம் ஓடியது. எதிர்ப்புக்குப் பணிந்த அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

உலகின் பெரும்பாலான கணினிகளும் ஃபோன்களும் நேர மண்டல விதிகளுக்கு நம்பியிருப்பது, தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஒரு பொதுத் தரவுத்தளத்தை. லெபனானுக்காக ஒரு வாரத்துக்குள் அதில் ஒரு புதிய பதிப்பும், அதை ரத்து செய்ய இன்னொரு பதிப்பும் வெளியிட வேண்டியிருந்தது.

தமிழர்கள் இதை நேரடியாகவே அனுபவித்திருக்கிறார்கள். மின்பற்றாக்குறையைச் சமாளிக்க இலங்கை அரசு 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அதே அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. கொழும்பில் 1998-ல் பிறந்த ஒருவருக்கு இன்றைய இலங்கை நேரத்தை வைத்து ஜாதகம் கணித்தால் அரை மணி நேரம் தப்பாகும்.

ப்ரோகிராம் எழுதுபவர்களுக்கு

‘எல்லாவற்றையும் யூடிசியில் சேமி’ என்பது பாதி உண்மை. நடந்து முடிந்தவற்றுக்கு, அதாவது பணப் பரிவர்த்தனை, லாகின் பதிவு போன்றவற்றுக்கு, அது சரி. எதிர்கால நிகழ்ச்சிகளுக்குச் சிக்கல் வரும்.

மெக்சிகோவின் பெரும்பகுதியில் 2022 அக்டோபரோடு கோடை நேரம் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2023 மே மாதம் காலை 10 மணிக்கு மெக்சிகோ சிட்டியில் ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பதிவாகி, யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கப்பட்டிருந்தால், சட்டம் மாறிய பிறகு அது காலை 9 மணி என்று காட்டும். டாக்டர் 10 மணிக்குத்தான் வருவார். எதிர்கால நிகழ்ச்சிக்கு உள்ளூர் நேரத்தையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சேமிப்பதே பாதுகாப்பு. ‘ஒன்பதரையைக் கூட்டு’ என்று கோடில் நேரடியாக எழுதுவது, நவம்பரில் வெடிக்கக் காத்திருக்கும் பிழை.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

* சுருக்கெழுத்தைத் தவிர்த்து ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ‘ஐஎஸ்டி’ என்பது இந்தியாவுக்கு மட்டும் சொந்தமல்ல. அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களுக்கும் அதே சுருக்கம்தான். ‘இஎஸ்டி’ என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம். ஜூலையில் அப்படி எழுதினால் ஒரு மணி நேரம் தப்பு.

* தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். ‘அக்டோபர் 31 இரவு 11.59, லாஸ் ஏஞ்சலீஸ் நேரம்’ என்ற விண்ணப்பக் கெடு, நமக்கு நவம்பர் 1 பகல் 12.29. அதுவே நவம்பர் 1 இரவு 11.59 என்றால், நமக்கு நவம்பர் 2 பிற்பகல் 1.29.

* வேறு வேறு ஞாயிறுகளில் மாறும் நாடுகளோடு வேலை என்றால், அந்தத் தேதிகளைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். இன்டர்வியூ, தேர்வு போன்றவை அந்த வாரங்களில் வந்தால் நேரத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

* தொடர் மீட்டிங் எந்த ஊர் நேரத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்று டீமில் பேசி முடிவெடுங்கள். அது ஒருவர் காலண்டரில் தற்செயலாக அமைந்த விஷயமாக இருக்க வேண்டாம்.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. இரவு 7 மணி மீட்டிங் 8 ஆகும்போது வீடு திரும்பும் நேரம், கேப் கிடைக்கும் நேரம், குழந்தை தூங்கும் நேரம் எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகின்றன. நியூயார்க்கில் அதே மீட்டிங் காலை 9.30-லேயே இருக்கிறது. குளிர்கால நான்கு மாதங்களுக்கு மட்டும் அங்கே 8.30-க்கு வைத்துக்கொண்டால் சென்னையில் 7 மணி அப்படியே நிற்கும். சில டீம்களில் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளலாம். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். ஆனால், நவம்பர் 2 திங்கட்கிழமை வந்த பிறகு கேட்பதைவிட, அக்டோபரிலேயே கேட்டுவிடுவது நல்லது.