வீடு தேடிப் போன வைத்தியம்

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போகிற இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்குகிறார்கள். ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த ஆஸ்பத்திரி இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1928-ல் அதை ஆரம்பித்தவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். ராமானுஜனுக்கு வந்தது டி.பி.தானா என்ற சந்தேகம் பிற்பாடு மருத்துவர்களிடையே எழுந்தது. ஆனால் உயிரோடு இருந்தவரை அவருக்கு டி.பி. வைத்தியம்தான் நடந்தது.

அன்றைக்கு அந்த வைத்தியம் என்ன? சுத்தமான காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. சிலருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள், அது ஓய்வெடுக்கட்டும் என்று. மருந்து என்று சொல்லத்தக்க ஒன்று யாரிடமும் கிடையாது. வசதியுள்ளவர்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் படுத்திருந்தார்கள், பிழைத்தவர்களும் உண்டு. கூலிக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் இருமி இருமிச் செத்தார்கள்.

புதுமைப்பித்தன் இறந்தது 1948 ஜூன் 30. வயது 42. சினிமா வேலையாகப் புனேவுக்குப் போனவர் டி.பி.யோடு திரும்பினார். அதே வருஷம் அக்டோபரில், ஸ்ட்ரெப்டோமைசின் டி.பி.யைக் கட்டுப்படுத்துகிறது என்று நிரூபித்த பிரிட்டிஷ் ஆய்வு அச்சில் வந்தது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. சில வருஷம் தள்ளி அந்த நோய் அவருக்கு வந்திருந்தால் தமிழுக்கு இன்னும் எத்தனை கதைகள் கிடைத்திருக்கும்.

1952-ல் ஐசோனியாசிட் வந்தது. விலை மலிவு, விழுங்குகிற மாத்திரை. பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், கிருமி மருந்துக்குப் பழகிப்போவதைத் தடுக்கலாம் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து வந்த பிறகும் மேல்நாட்டு டாக்டர்கள் சானடோரியத்தை விடவில்லை. படுக்கையில் கிடத்தித்தான் மருந்தைக் கொடுத்தார்கள். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான். எல்லோருக்கும் கட்டில் போட இந்த நாட்டால் ஆகாது. அப்படியானால் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா? எட்டுப் பேர் படுக்கிற ஒற்றை அறைக் குடிசையில் நோயாளி குணமாவாரா? அதைவிட முக்கியமாக, அவர் பக்கத்தில் படுக்கிற குழந்தையின் கதி என்ன?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் சென்னை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் ரோட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. ராமானுஜன் 1920-ல் கண்ணை மூடியதும் இதே சேத்துப்பட்டில்தான். மையத்துக்குத் தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, சளியில் கிருமி உள்ள 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் தீர்மானமானது. இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ், காற்றோட்டம் எல்லாம் உண்டு. வீட்டில் இருந்தவர்கள் பாதி வயிற்றோடு, நெரிசலில், சீக்கிரமே வேலைக்கும் போய்க்கொண்டு மருந்தை விழுங்கினார்கள்.

முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் மறைந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. கூடவே, இரு பக்கத்துக் குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் விடாமல் பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்களில் டி.பி. கூடுதலாக வரவில்லை. காரணம் யோசித்தால் புரியக்கூடியதுதான். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் பல மாதங்கள் அவர் அந்த வீட்டில் இருமிக்கொண்டுதானே இருந்தார். தொற்ற வேண்டியது அப்போதே தொற்றிவிட்டது. மருந்து தொடங்கியதும் சளியில் கிருமி வேகமாகக் குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவரை வீட்டை விட்டு விரட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை.

ஒரு தாயை ஒரு வருஷம் பிள்ளைகளிடமிருந்து பிரிக்க வேண்டாம், சம்பாதிக்கிறவரைக் குடும்பத்திலிருந்து பிடுங்க வேண்டாம் என்று விஞ்ஞானம் கணக்குப் போட்டுச் சொன்னது. மேல்நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கும் இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். பொது சுகாதார வரலாற்றில் சென்னையின் பெயர் நிற்கிற இடம் இது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு பகுதி இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மருந்துப் பொட்டலத்தோடு கைவிடப்பட்டவர்கள் அல்லர். வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மருந்தை எண்ணுவார்கள். அந்த பி.ஏ.எஸ். ஒரு நாளைக்கு சுமார் 10 கிராம் விழுங்க வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். யாருக்குத்தான் அதைத் தொடர்ந்து சாப்பிட மனசு வரும்? அதனால் சிறுநீரையும் வாங்கிப் பரிசோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விட்டால், பி.ஏ.எஸ். சாப்பிட்டவரின் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்து நிறம் மாறாவிட்டால் மருந்து எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் உட்கார்ந்து பேசுவார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார்கள்.

உடம்பு தேறியதும் நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார் என்பதை ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் இப்படி வீடு வீடாகப் போய்த்தான் கண்டுகொண்டார்கள். அதற்கு மாற்றாக, வாரத்துக்கு இரண்டே முறை, ஊழியர் கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறையை அதே மையம் சோதித்து 1964-ல் அறிக்கை வெளியிட்டது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாகக் கொண்டுபோன டாட்ஸ் திட்டத்துக்கு வித்து இங்கே விழுந்தது.

இதிலிருந்து அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டது மாத்திரையைத்தான். படுக்கை வேண்டாம் என்றால் செலவு குறைகிறது. அதைக் கேட்டு எந்த நிதித்துறைக்கும் மகிழ்ச்சிதான். வீட்டுக்குப் போகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அந்த இடம் காலியாகவே கிடந்தது. நடுவில் மாத்திரை அட்டையின் பின்னால் ஒளிந்திருக்கும் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மருந்து சாப்பிட்டதாகப் பதிவாகும் ஏற்பாடும் வந்தது. கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்களா என்பது மிஸ்டு காலுக்குத் தெரியாது.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிற அம்மாவுக்குப் போன வருஷம் டி.பி. என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செக்கச்செவேலென்று போக, பயந்துபோய் மருந்தை நிறுத்தப் பார்த்தார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண் அந்த வண்டி ஓரத்தில் நின்றபடியே பேசினார்.

“சிஸ்டர், ரத்தமாப் போவுதே. எனக்கு வேணாம் இந்த மாத்திரை.”

“ரத்தம் இல்லம்மா, மாத்திரையோட கலர்தான் அது. மருந்து உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம். காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“டீ.”

“வெறும் டீயா? அப்போ குமட்டத்தான் செய்யும்.”

ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்பது ஒவ்வொரு டாக்டருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்குச் சொல்லி, கூடவே காலைச் சாப்பாட்டையும் கேட்க ஒருவர் வண்டி வரைக்கும் வர வேண்டியிருந்தது.

சாப்பாடு என்றதும் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சென்னை ஆய்வில் பாதி வயிற்றோடு இருந்தவர்களும் குணமானார்கள் என்பதால், டி.பி.க்கும் உணவுக்கும் சம்பந்தம் இல்லை என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சத்துணவுக்குக் காத்திராமல் கிருமி சாகும் என்றுதான் சொன்னது. பசியால் மெலிந்த உடம்பில் நோய் எளிதாகப் பிடிக்கிறது, அப்படி மெலிந்தவர்கள்தான் முதலில் சாகிறார்கள் என்ற உண்மை அப்படியே இருந்தது.

அதை அளந்து காட்டியது ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் நம் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்தது. டி.பி. நோயாளியின் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்தக் குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது, நுரையீரல் டி.பி. 48 சதவீதம். ஒரு தடுப்பூசி இந்த அளவு பலன் தந்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். உணவு பெற்ற நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது: முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவு.

தமிழ்நாடு இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான உடனேயே நோயாளியின் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, காலில் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். யாருக்கு வீடு போதும், யாருக்குக் கட்டில் வேண்டும் என்பதைப் பிரித்தறிகிற வேலை இது. எழுபது வருஷத்துக்கு முன்னால் கட்டில் வேண்டாம் என்று நிரூபித்த அதே ஊர், கட்டில் இல்லாமல் பிழைக்க மாட்டாதவர்களைத் தேடிப் பிடிக்கிறது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பாக்கி இருப்பது குடும்பத்தின் தட்டு. நோயாளிக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வீட்டாருக்கான உணவுப் பையைக் கொடையாளர்கள் மனசு வைத்துத் தரும் ஏற்பாடாக விட்டிருக்கிறார்கள். கொடையாளர் கிடைத்த ஊரில் பை வரும், கிடைக்காத ஊரில் வராது. நமக்கு அந்த நிலை வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிறது, எல்லோர் கையிலும் ஸ்மார்ட் கார்டு இருக்கிறது, யார் வீட்டில் டி.பி. என்ற விவரம் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. சிகிச்சை நடக்கிற ஆறு மாதமும், முடிந்து இன்னொரு ஆறு மாதமும் அந்தக் கார்டுக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு கூடுதலாகப் போட வேண்டும். எதற்காக என்று பில்லில் அச்சடிக்காமல், வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்குத் தெரியாமல் போட வேண்டும். உணவுத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இதை வரும் பட்ஜெட்டுக்குள் முடிக்கலாம்.