கஷாயமும் மருந்துதான், அம்மா!

அம்மாவுக்குச் சளி. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி 'குய் ஸி தாங்' கஷாயப் பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு. "இஞ்சி, அதிமதுரம்! இதைத்தானே லிட்டில் இந்தியாவில் வாங்குகிறோம்?"

உண்மைதான். பட்டை மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தை, அதிமதுரம் ஆகிய ஐந்தும் சேர்ந்த கஷாயம் அது. காய்ச்சல், வியர்வை, காற்றுப் பட்டாலே நடுக்கம் என வரும் சளிக்குச் சீனர்கள் சுமார் 1,800 ஆண்டுகளாகக் கொடுப்பது. நம் ஊரில் தோங் சாய் மருத்துவ நிலையம் 1867 முதல் இன, மத பேதமின்றி இலவசமாகச் சீன வைத்தியம் பார்த்துவருகிறது.

எனக்கு உறுத்தியது வேறு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதிமதுரத்தை அதிகமாக, தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சீனப் பொட்டலமோ நம் கஷாயமோ, இரண்டிலும் இந்த ஆபத்து ஒன்றுதான். 'டான் ஷென்' வேர், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரினுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

"வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால் அம்மா எப்போதும் சொல்வது, "இல்லை."

இந்த முறை பொட்டலத்தையும் அஞ்சறைப்பெட்டி அதிமதுரத்தையும் பலதுறை மருந்தகத்துக்குக் கையோடு எடுத்துப் போனோம். உங்கள் வீட்டு அம்மா என்ன சொல்கிறார்? இன்றே கேட்டுப் பாருங்கள்.