தீவின் பெயரறியார் தீவைக் காப்பரோ?

வரிச்சிக்குடியை அடுத்த காரைக்காற் கடற்கரையின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு! எங்கும் மேடு. ஆற்றுவெள்ளமும் கடலலையும் ஏறியிறங்கும் தாழ்கரையில் குடியிருக்கத் தக்க நிலம் எது எனக் கண்ட முன்னோர், அவ்வறிவை ஊர்ப்பெயரிலேயே எழுதிவைத்தனர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அம்மேடுகளையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மையே. எனினும், நாளும் வந்துபோகும் நீரின் அளவை அறிந்து இடப்பட்ட பெயர்கள் அவை. பெயர் என்பது வெறும் ஒலியன்று. கரைவாழ் மக்களின் அளவுகோல் அது.

இவ்வளவுகோலை வீசியெறிந்துவிட்டுக் கடலை அளக்கப் புறப்பட்டிருக்கின்றது ஒரு புதிய வணிகம். ‘சூழலுக்கு இசைந்த சுற்றுலா விடுதி’ என்பது அதன் விளம்பரப் பெயர். ஆளில்லாத சிறுதீவொன்றைத் தேர்வர், ஓலைக்குடில் போடுவர், கூரைமேற் கதிரவ மின்தகடு பதிப்பர், வாயிலிற் பச்சை இலையொன்றை வரைந்து வைப்பர். அவ்வளவில் இயற்கை காக்கப்பட்டுவிட்டதாம்! தீவு தாங்கும் அளவு எது, அவ்வளவை அறிந்தவர் யாவர், அவர்க்கு விளங்கும் மொழியில் திட்டம் எழுதப்பட்டதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத விடுதி, பச்சை வண்ணம் பூசிய கொள்ளையே என்க.

காரைக்காற் கரையில் அத்தகைய தீவு இல்லை. தமிழ்நாட்டின் சிறுதீவுகள் தெற்கே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 எண்ணிக்கையில் கோவையாக அமைந்துள்ளன. 1986-இல் அவை கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989-இல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. அத்தீவுகளின் பெயர்களைக் கேண்மின்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, ஆனைப்பார், விலாங்குசல்லி, முயல்தீவு, முள்ளி, வாழை. எத்தீவில் நீர் உண்ணத்தகும், எத்தீவில் தகாது என்பதை இரண்டு பெயர்கள் சொல்லிவிடுகின்றன. கடலடியிற் கிடக்கும் பாறைத்திட்டைக் காட்டுவது ‘பார்’ என்னும் சொல். உடைகல்லைக் குறிப்பது ‘சல்லி’. இவ்வளவும் அறிந்து பெயரிட்டவன் எந்தப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றான்?

சிறுதீவின் முதல் அளவு நன்னீர். மழைநீர் மணலில் இறங்கி, எடைமிகுந்த உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அறிவியல் கண்ட கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாகவும் படித்தல் வேண்டும். மேலே ஓரடி நீர் இறைப்பால் தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பதடி மேலேறும். வலைஞன் ஒருவன் ஊற்றுத்தோண்டிக் குடம் நிறைப்பதைத் தீவு தாங்கும். நீச்சற்குளமும் பூங்குழாய்க் குளியலும் வேண்டும் விடுதியை எங்ஙனம் தாங்கும்? கடல்நீரை நன்னீராக்கும் பொறி வைப்போம் என்பர். அப்பொறிக்கு எரிபொருள் வேண்டும். அது கழிக்கும் மிகையுப்பு நீர் பாரின்மேலன்றோ சென்று படியும்?

இரண்டாம் அளவு கழிவு. மாலத்தீவில் முதற் சுற்றுலா விடுதி 1972-இல் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறையை உலகோர் புகழ்ந்தனர். ஆயின், அவ்விடுதிகளும் தலைநகரும் கழித்த குப்பைக்கு இடந்தேடி, 1992 முதல் ஒரு காயலைக் குப்பையால் நிரப்பித் திலபுசி என்னும் குப்பைத்தீவையே ஆக்க நேர்ந்தது. விருந்தினர் கண்ணுக்கு ஒரு தீவு வெண்மணலாய் ஒளிரவேண்டின், இன்னொரு தீவு புகைந்து கரியவேண்டும் என்பதே அதன் பொருள். மலக்கழிவு மணலில் ஊறிக் கடலிற் கலப்பின் பாசி பெருகும். பாசி பெருகின் பவளம் மூச்சடைந்து மாயும். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்வெப்பத்தால் வெளிறி நலிந்தவை. நோயுற்றான் தலையில் மேலும் சுமை ஏற்றுவார் உண்டோ?

மூன்றாம் அளவு மணலும் ஒளியும். கடலோர மணல் நின்ற இடத்தில் நிற்பதன்று. காற்றும் நீரோட்டமும் மாறமாறத் தானும் நகர்வது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கும், நீவாடு என நீரோட்டத்திற்கும் பெயர் வைத்து அதனைப் படித்தவர் பரதவர். படியாது கல்லைக் கொட்டியதன் விளைவைப் புதுச்சேரி கண்டது. 1980-களின் இறுதியில் எழுந்த துறைமுக அலைதடுப்புச் சுவர் வடக்கே செல்லும் மணலை மறித்ததால், நகர்க்கரையின் மணல் முழுதும் கரைந்து, கருங்கற் குவியலே கரையாயிற்று. நெடுங்கரைக்கே அந்நிலையெனின், படகுத்துறைக்கென நட்ட நாலு தூணும் ஒரு சுவரும் சிறுதீவை என்செய்யும்? ஒளியும் அத்தகையதே. கரையேறி முட்டையிடும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று திங்கட்பெயரே வைத்தான் தமிழன். அதன் குஞ்சுகள் இரவில் ஒளிவிடும் கடலை நோக்கி ஓடும் இயல்பின; விடுதியின் விளக்கெரியின் அவை கடலென்று கருதி விளக்கை நோக்கி ஓடி மடியும்.

இவையெல்லாம் வீண் அச்சம் என்பார்க்கு விடை கடலுக்குள் இருக்கின்றது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டிக் கரையேற்றிய கொடுமையே அதற்கு முதன்மைக் காரணம். பவளத்தைக் காட்டுயிர்ச் சட்டத்தின் முதற் பட்டியலிற் சேர்த்தது 2001-இல். அதற்குள் கெடுதி முடிந்திருந்தது. தேய்ந்துகொண்டிருந்த வான்தீவைக் காக்க 2015 தொடங்கிச் செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கினர். உயிர்ப்பாரை அழித்துக் கற்காரைப் பாரை இறக்குவது, கண்ணை விற்று ஓவியம் வாங்கும் கதையன்றோ?

எளிய விடுதியே கூடாதா எனக் கேட்பார் உளர். இலக்கத்தீவுகளுள் ஒன்றான பங்காரத்தில் 1980-களின் இறுதியில் கொச்சி நிறுவனமொன்று நடத்தத் தொடங்கிய விடுதியில் ஓலைக்குடில்களே இருந்தன. குளிரூட்டியும் தொலைக்காட்சியும் இல்லை. அவ்வெளிமையைப் பாராட்டலாம். ஆயின், எளிமையாய்த் திறந்த வாயிலில் அடுத்து நுழைவது எது? மினிக்காய், கடமத்து, சுகேலித் தீவுகளின் காயலுள் தூண் நட்டு நீர்மேல் மாளிகை எழுப்பும் திட்டத்தை நிதி ஆயோக்கு வகுத்தது. அப்பெயரில் உள்ள ‘நிதி’ கொள்கையைக் குறிக்கும் வடசொல். தமிழன் அதனைப் பொருட்செல்வம் எனக் கொள்கின்றான். பிழையாய்க் கொண்டாலும் உண்மையைத் தொட்டுவிடுகின்றான்! 2021-இல் வெளிவந்த இலக்கத்தீவு வளர்ச்சி ஆணைய வரைவு, தீவு மக்களின் நிலத்தைக் கையகப்படுத்த வழிவகுத்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் நாடறிந்தவை.

மன்னார் வளைகுடாத் தீவுகள் கடற்பூங்காவாதலின், இன்று அவற்றில் விடுதி எழுப்ப இடமில்லை. ஆயினும் சட்டம் ஒரு வேலியே. வேலியை நகர்த்துவோர் தில்லியில் இருக்கின்றனர். 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, நிலக்கரையை ஒட்டிய தீவுகளிற் கட்டடம் எழுப்பாது விடவேண்டிய இடைவெளியை 20 மீட்டர் எனச் சுருக்கி வகுத்தது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது நடுவணரசு. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக எனத் தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் திங்களில் ஆணையிட்டது. மொழிபெயர்ப்பதை விடுத்து உச்சமன்றம் ஏறியது அவ்வரசு! கிளிஞ்சல்மேட்டு மீனவன் படிக்கவியலாத தாளில் அவன் கடலின் தலையெழுத்தை எழுதுவது எந்த முறைமை? மொழியுரிமை வேறு, நிலவுரிமை வேறு எனப் பிரித்துப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

‘விடுதி வந்தாற் பிழைப்பு வருமே’ என்பது இறுதி வாதம். பிழைப்பு வேண்டியதே. ஆயின், முதலாளியின் விடுதியில் கரைமகன் பெறுவது தட்டேந்தும் வேலை. இழப்பது மீன்பிடிக்கும் கரை. மாற்றுவழி கண்முன் இருக்கின்றது. முகவை மாவட்டத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைக் காணவருவோரை, வனத்துறையின் துணையோடு அவ்வூர் மக்களே படகேற்றிச் சென்று காட்டுகின்றனர்; ஊர்ப்பெண்டிர் சமைத்த உணவையே வந்தோர் உண்கின்றனர். காடு நின்றால்தான் வருவாய் நிற்கும் என்பதை அவ்வூர் அறியும். ஆகவே காடும் நிற்கின்றது.

எனவே, சிறுதீவுகளை நாடும் எத்திட்டத்திற்கும் தமிழர் விதிக்க வேண்டியவை நான்கு. பகலிற் காண்க, இரவுத் தங்கல் நிலக்கரையில் ஆகுக. தீவின் நன்னீரில் ஒரு குடமும் விடுதிக்கென இறைக்கப்படாதிருக்க. கொண்டுசென்ற பொருளின் கழிவு முழுதும் கொண்டுசென்றவராலேயே திரும்பக் கொணரப்படுக. திட்டம் முதலில் தமிழில் எழுதப்பட்டு, மீனவ ஊராரின் மன்றில் படிக்கப்பட்டு, அவர் இசைந்த பின்னரே கோப்பில் ஏறுக. இந்நான்கும் முடியாதென்போர்க்குத் தீவில் வேலையில்லை.

நல்லதண்ணி என்று பெயரிட்டவன் தன் பேரனுக்கு அந்நீரை விட்டுச் சென்றான். அப்பெயர் பொய்யாகாமற் காப்பது இன்றைய தமிழனின் கடமை.