பகையின் எச்சம்

ஐப்பசி மாதத்துச் சஷ்டியன்று மாலை மயிலாப்பூரில் சூரசம்ஹாரம் காணக் கூடுகிற ஜனத்திரள், சூரனுடைய கடைசித் தலை விழுந்த சிறிது நேரத்துக்கெல்லாம் கலையத் தொடங்கிவிடுகிறது. யானைமுகத்துத் தாரகன், சிங்கமுகன், பிறகு சூரபத்மன் தானே என்று தலைகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் கொண்டுவந்து எதிரே நிறுத்துவதும், வேல் அவற்றை ஒவ்வொன்றாக வீழ்த்துவதும், இறுதியில் மாமரமாய் நின்றவன் இரு கூறாகி ஒரு கூறு மயிலும் மற்றொரு கூறு சேவலும் ஆவதும் மாட வீதிகளில் வளர்ந்த குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். சூரனுக்கு வாய்த்த கதியை அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அவனை நம்பி ஆயுதம் எடுத்த அசுர சேனையில் சாகாமல் எஞ்சியவர்கள் மறுநாள் காலையில் எங்கே போனார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டு நான் அறியேன்.

அக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியது புராணப் பிரசங்கம் எதுவும் அன்று. தியாகராய நகரில் என் தமையன் மகன், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிவந்த கிராபிக்ஸ் கார்டைக் கணினியில் பொருத்திக்கொண்டு, இராக்காலங்களில் கண்விழித்து ஆடுகிற வீடியோ கேம்தான். இவ்வாறு சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கதை எங்கே கிடைத்தாலும் கதைதான். நம் தலைமுறைக்குக் கூத்தும் நாடகமும் செய்த காரியத்தை இன்றைய பிள்ளைகளுக்கு இவை செய்கின்றன.

1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட ‘ஃபால்அவுட்’ என்னும் அந்த ஆட்டத்தின் கற்பனைப்படி, 2077-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று மூண்ட அணு யுத்தத்தில் நாகரிகம் ஒரே நாளில் சாம்பலாகிவிடுகிறது. பாதாள அறைகளில் பதுங்கிப் பிழைத்தோரின் சந்ததியார் பல தலைமுறைகளுக்குப் பின் வெளியே வந்து, குடியரசு என்றும் கொள்ளைக் கூட்டம் என்றும் சங்கம் என்றும் பல கோஷ்டிகளாகப் பிரிந்து, பாழ்நிலத்தில் மிச்சமிருக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் சண்டையிடுகிறார்கள். 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தின் துஷ்டக் கூட்டத்துக்கு ‘என்கிளேவ்’ என்று பெயர். பழைய அமெரிக்க சர்க்காரின் வாரிசுகளாகத் தங்களைக் கருதி, பசிபிக் சமுத்திரத்தில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையையே தலைநகராக்கிக்கொண்டு, கதிர்வீச்சின் தோஷம் தீண்டாத தாங்களே மனித ஜாதி என்றும் கரையில் உள்ள மற்றெல்லோரும் கெட்டுப்போன பிறவிகள் என்றும் தீர்மானித்து, அவர்களை ஒரு நச்சுக் கிருமியால் பூண்டோடு ஒழிக்கத் திட்டமிட்டவர்கள் அவர்கள். ஆடுகிறவன் அந்த மேடையைத் தகர்க்கிறான், தலைநகர் கடலோடு போகிறது, ஆட்டம் முடிகிறது.

பேரழிவுக்குப் பிந்திய உலகத்தைப் பேசும் இவ்வகை ஆட்டங்களில் தோற்ற கோஷ்டிக்குப் பெரும்பாலும் நேர்கிற கதி இரண்டே. ஒன்று, சுவடின்றி மறைந்துபோவது. மற்றொன்று, அடுத்த பாகத்தில் அதே சீருடையுடன், அதே அகங்காரத்துடன், தோல்வியின் தழும்பு ஒன்றுகூட இல்லாமல், மீண்டும் சுடப்படுவதற்கென்றே எழுந்து வருவது. பெதெஸ்டா நிறுவனம் 2008-இல் வெளியிட்ட மூன்றாம் பாகத்தில் என்கிளேவுக்கு இந்த இரண்டாவது கதிதான் கிடைத்தது: நாட்டின் மறுகரையில், வாஷிங்டன் நகரத்து இடிபாடுகளுக்கிடையே, பேசும் கணினி ஒன்றை ஜனாதிபதியாக வைத்துக்கொண்டு அவர்கள் பழைய தொழிலையே தொடர்ந்தார்கள். பெயரும் கவசமும் ரசிகர்களிடையே பிரசித்தமாகிவிட்டமையால் கடைக்காரன் அந்தச் சரக்கை மறுபடியும் எடுத்து வைத்தான் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

2010-இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ வேறு ஜாதி. முந்தைய பாகங்களில் பணியாற்றிய சிலரும் அதை இயற்றிய அப்ஸிடியன் நிறுவனத்தில் இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். அதில் ஆர்கேட் கேனன் என்று ஒரு வைத்தியன் வருகிறான். ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்யும் சங்கத்தைச் சேர்ந்தவன், படித்தவன், நையாண்டிப் பேச்சுக்காரன், தன் பால்யத்தைப் பற்றி மட்டும் வாய் திறவாதவன். அவனுடைய நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சம்பாதித்த பிறகே அவன் தகப்பன் என்கிளேவின் அதிகாரியாயிருந்தான் என்பதும், அவர்களுடைய கடைசிப் பாசறையான நவாரோவைக் குடியரசின் சேனை கைப்பற்றியபோது சிறுவனாயிருந்த அவனைத் தூக்கிக்கொண்டு தப்பியவர்கள் சிலர் இன்னும் பெயர் சொல்லாமல் அந்தப் பாலைவனத்தில் வாழ்கிறார்கள் என்பதும் வெளிப்படுகின்றன.

அவர்கள் ஐவர்; எல்லோரும் முதியவர்கள். டெய்சி விட்மன் என்னும் கிழவி, ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தின் ஆகாய விமானங்களை ஓட்டியவள், இப்போது நோவாக் என்கிற சிற்றூரில் பழைய மோட்டல் ஒன்றின் அறையில் தங்கி, வருவோர் போவோருடன் இனிமையாகப் பேசிக் காலங்கழிக்கிறாள். ஜான்சன் என்பவன் மலைக் குகையில் தனித்திருக்கிறான். மொரேனோ குடியரசை இன்றளவும் மன்னிக்கவில்லை. கிரேகர் அவர்களுக்குத் தலைவனாயிருந்தவன். ஐந்தாமவரான டாக்டர் ஹென்றியின் இருப்பிடந்தான் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பளித்தது.

பனி படர்ந்த மலை ஒன்றின் மேல் ஜேக்கப்ஸ்டவுன் என்று ஒரு விடுதி. முதல் பாகத்தில் ‘மாஸ்டர்’ என்னும் துஷ்டன் மனிதரை இரசாயனத்தில் தோய்த்து உண்டாக்கிய ராட்சச ஜாதியாருள், அவன் வீழ்ந்த பிறகு போக்கிடமற்றுத் திரிந்தவர்களை மார்கஸ் என்பவன் அங்கே குடியமர்த்தியிருக்கிறான். மார்கஸும் அந்தச் சேனையைச் சேர்ந்தவனே. எதிரணி வீரனான ஜேக்கப்புடன் நாட்கணக்கில் போரிட்டு, ஒருவரையொருவர் வெல்ல முடியாமல் நண்பராகிப் போனவன். விடுதியின் பெயர் அந்த நண்பனை முன்னிட்டு வந்தது. தாங்கள் சந்ததியற்ற ஜாதி என்பது அவர்களுக்குத் தெரியும். மாஸ்டரிடம் அவ்வுண்மையை ஆதாரத்துடன் எடுத்துரைத்தால் அவன் போரிடாமலே தன் திட்டத்தைக் கைவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொள்வான் என்று முதல் பாகத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த ராட்சசர்களுள் சித்தப் பிரமையால் அவதிப்படுவோருக்கு மருந்து தேடிக்கொண்டு அங்கே தங்கியிருப்பவர்தாம் டாக்டர் ஹென்றி. ‘தோஷமுள்ள பிறவிகளை’ ஒழிக்கப் புறப்பட்ட கூட்டத்தின் வைத்தியர், அந்தப் பிறவிகளிலேயே மிகவும் பயங்கரமானவையென்று உலகம் அஞ்சுவோரின் நோயைத் தீர்ப்பதில் தம் கடைசிக் காலத்தைச் செலவிடுகிறார். அவர் பச்சாத்தாபப்பட்டு அழுததாக ஆட்டத்தை எழுதியவர்கள் ஒரு வரியும் சேர்க்கவில்லை. தோற்ற இரண்டு பட்டாளங்களின் மிச்சம் ஒரே கூரையின்கீழ் வேலையில் முனைந்திருப்பதைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நம்முடைய கந்தபுராணத்துக்குத் திரும்பினால், காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியர் எஞ்சியவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை என்று தெரிகிறது. சூரபத்மனின் மகன் இரணியன், தேவர்களைச் சிறைவிடும்படி தகப்பனுக்கு எடுத்துச் சொல்லி, வசவு வாங்கி, பிள்ளையின் கடமைக்காகப் போருக்குப் போய்த் தோற்று, குலமெல்லாம் மாளப்போவதை உணர்ந்து, ஈமக்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டுமென்று மீன் வடிவெடுத்துச் சமுத்திரத்தில் ஒளிந்துகொள்கிறான். புறமுதுகிட்டான் என்று அவனைப் பழிப்பார் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. மகாயுத்தம் ஒன்றின் நடுவே, பின்னால் வரப்போகிற ஒரு சாதாரண நாளை நினைத்துப் பார்த்தவன் அந்தப் படையில் அவன் ஒருவனே. போர் முடிந்ததும் அசுரர் தலைநகரான வீரமகேந்திரபுரம் முருகன் ஆணையால் கடலுக்கு இரையாகிறது. சூரனுக்கோ வாகனமும் கொடியுமாகிற பேறு கிடைத்தது. மயிலேறிய பெருமானை வணங்குகிறவர்கள் சூரனையும் சேர்த்தே தரிசிக்கிறார்கள். ஊரிலிருந்த மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை.

சரித்திரத்தில் வென்றவர்கள் சூரனுக்குக் காட்டிய அந்தத் தாராளத்தைக்கூடத் தோற்றவர்களுக்குக் காட்டுவது அபூர்வம். கடனிலும் நெருப்பிலும் பகையிலும் மிச்சம் வைக்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததை, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், ஆங்கிலேயக் கம்பெனியார் தங்கள் பாணியில் அனுசரித்தார்கள். புத்திரர்களைக் கொல்லவில்லை, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து, உபகாரச் சம்பளம் கொடுத்து, காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10-இல், புதிய தலைப்பாகை முதலான கட்டளைகளால் மனம் புண்பட்ட சிப்பாய்கள் அதே கோட்டையில் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப் படை அன்றே அதை அடக்கியது. இளவரசர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது விவாதத்துக்குரியதாயினும், கம்பெனியார் அவர்களைக் கல்கத்தாவுக்கு அப்புறப்படுத்திவிட்டார்கள். 1815-இல் பதவி இழந்த கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் கொண்டுவந்து வேலூரில்தான் வைத்தார்கள். 1832-இல் அவன் அங்கேயே காலமானான். திப்புவைக் கொடியவனாக லண்டன் நாடக மேடைகள் சித்திரித்தன என்பதையும், மனிதகுலத்தையே அழிக்கத் துணிந்த என்கிளேவோடு அவனை ஒப்பிடுவது பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு இங்கே வேண்டியது வென்றவர்களின் மனப்போக்கு மட்டுமே. தோற்றவன் காவலில் இருக்கலாம், தூர தேசத்துக்குப் போகலாம், வென்றவனைச் சுமக்கலாம். ஊருக்குள் அடுத்த வீட்டில் குடியிருக்கலாம் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதேயில்லை.

நியூ வேகாஸ் ஆட்டம் அந்த அடுத்த வீட்டை நமக்குக் காட்டியது. காட்டிவிட்டுத் தானே அதைக் கெடுத்துக்கொண்டது என்பது என் குறை. கதையின்படி ஆர்கேட்டுக்காக அந்த ஐவரையும் தேடிப்பிடித்து, ரகசிய நிலவறை ஒன்றில் ஒன்று கூட்டி, மறுபடியும் கவசம் பூட்டி, பழைய விமானத்தில் ஏற்றி, ஹூவர் அணைக்கட்டில் நடக்கும் பெரும்போருக்கு அனுப்பலாம். குடியரசுக்காகப் போராடச் சொல்வதா, அதன் பகைவருக்காகவா என்பது ஆடுகிறவனின் இஷ்டம். இதைத்தான் ரசிகர்கள் உச்சக் காட்சியாகக் கொண்டாடுகிறார்கள். தங்கள் ஊரை அழித்தவர்களின் வெற்றிக்காகக் கிழவர்களைச் சண்டைக்கு இழுப்பதை மரியாதை என்று எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

என் தமையன் மகன் குடியரசின் பக்கமே நின்றான். மொரேனோ வர மறுத்தாராம். இவன் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தானாம். “அந்தம்மா பாட்டுக்கு மோட்டல்ல இருந்திருப்பாங்களேடா, அவங்கள எதுக்கு நீ கூப்பிட்டே?” என்று நான் கேட்டேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“கூப்பிடலேன்னா அந்தக் கவசம் கிடைக்காது, சித்தப்பா” என்றான்.